பதினொன்று எடுத்தால் ஒன்று

பதினொன்று என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. பாத்திரக்கடை மயில்சாமி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, "பதினொண்ணுங்களா மேடம்? எதுன்னு கைய காட்டுங்க, எறக்கிப் போட்டர்றேன்" என்றார். பக்கத்தில் குடையை மடக்கிக்கொண்டிருந்த புஷ்பராணி, குடையைப் பார்த்தபடியே, "பத்து மேடம்" என்றாள். கோபமில்லாத குரல். பொட்டலம் எடை குறைந்தால் மேசையில் இப்படித்தான் சொல்வாள், ரெண்டு கிராம் கம்மி மேடம் என்று. ஆமாம், பத்து, என்றேன். மயில்சாமி பதினொன்றை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார். அடித்த எண் இன்னும் தெரிகிறது, ஒரே ஒரு கோடுதான் போட்டிருக்கிறார். போன கிறிஸ்துமஸ் வரை என்னிடம் பதினோரு பேர். குன்னூரிலிருந்து கட்டபெட்டு போகிற சாலையில் தகரக்கூரை போட்ட ஒரு நீளக் கட்டிடம், தேயிலை வாங்கிக் கலந்து பொட்டலம் போட்டு விற்கிறோம். கலக்கிறவர் யோகராசா, பதினான்கு வருடமாக. பொட்டலம் போடுகிறவர்களில் ஒருத்தி அவர் மனைவி, இதோ இந்தப் புஷ்பராணி. ஜனவரி ஒன்பதாம் தேதி விடியற்காலையில் யோகராசா குளிக்கத் தண்ணீர் சுடவைத்தபோது கரண்ட் அடித்து இறந்துபோனார். அதன் பிறகு வேறு ஆள் போடவில்லை, நானே கலக்கிறேன், ருசி அவ்வளவாக இல்லை என்று கோயம்புத்தூர்க் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் பரிசு வாங்க இந்தக் கடைக்கு என்னோடு வந்து மூட்டையைத் தூக்குகிறவர் அவர்தான். இந்த வருடம் மத்தியானம் நான் கிளம்பும்போது சால்வையைப் போர்த்துக்கொண்டு புஷ்பராணி வாசலில் வந்து நின்றாள். "நான் வாறேன் மேடம்." எதற்கு என்று கேட்க முடியுமா. ஜீப்பில் வரும் வழி முழுக்க அவள் கண்ணாடிக்கு வெளியே மலைமேல் மஞ்சு மூட்டம் ஏறுவதைப் பார்த்தாள், நான் வைப்பரைப் பார்த்தேன்.

சுவரில் மணி மூன்றே கால். கடைக்குள் பித்தளையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. பட்டியலை விரிக்கிறேன். போன வருடப் பட்டியலைத்தான் நகலெடுத்தேன், அதனால்தான் பதினொன்று வந்தது, வாயின் மேல் தப்பில்லை. அதில் யோகராசா பெயர் நான்காவது. நேற்று அதை அழிக்கப் போனேன், அழித்தால் ஐந்தாவது பெயர் நான்காவதாக ஏறிவிடுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை, திரும்பப் போட்டேன். போனஸ் ஒரு மாதச் சம்பளம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அவருக்கு உண்டா இல்லையா என்றபோது ஆடிட்டர், "ஜனவரியில ஒன்பது நாள் வேலை பாத்திருக்கார், அந்த விகிதத்துல குடுங்க" என்றார். எட்டு நாள்தான் சார், ஒன்பதாம் நாள் வரவில்லை, என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. முழு மாதச் சம்பளம் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பரிசுதான் பிரச்சினை. அமலதாஸ், என் வீட்டுக்காரர், ஒரு வாரமாகச் சொல்கிறார், "ஏன் செலின் மண்டையை உடைச்சுக்கிறே? இந்த வருஷம் பொருளே வேண்டாம், அதையும் பணமா குடுத்துடு." பணமாகக் கொடுத்தால் ஏன் இந்த வருடம் பொருள் இல்லை என்று எல்லோரும் யோசிப்பார்கள். யோசித்தால் போன வருடப் பொருள் ஞாபகம் வரும். பட்டியலின் கீழே சரக்கு தருகிறவர்கள். பவுச் அச்சடிக்கும் சபாபதி, கேக் ஒரு கிலோ, டைரி. அட்டைப்பெட்டி போடும் ஹபீபுல்லா, அரவங்காடு, கேக் ஒரு கிலோ. இவருக்குப் போன வருடம் கேக்கோடு இன்னொன்றும் கொடுத்த ஞாபகம். அவர் அத்தாவுக்காக, அப்பாவை அப்படித்தான் சொல்வார், எண்பது வயது, குளிர் ஆகாத மனிதர். மஃப்ளரோ என்னவோ. ஜூலையில் போன் பண்ணியபோதுகூட, "அத்தா உங்களுக்காக தினமும் துஆ செய்யறார் மேடம்" என்றாரே. பாக்கியை நேரத்துக்குக் கொடுத்ததற்காக அந்தப் பிரார்த்தனை இருக்கும். கேக் போதும். கேக் யாரையும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை வியாதிக்காரர் என்றால்? சபாபதிக்குச் சர்க்கரை உண்டா? பார், கேக்கிலும் வந்துவிட்டது.

"இந்த கேசரோல் பாருங்க மேடம், மூணு டப்பா செட்டு. கீழ விழுந்தாலும் ஒடையாது, மாமியா தூக்கி வீசுனாலும் ஒடையாது" என்று மயில்சாமி ஒன்றை என் முன்னால் வைத்துத் தட்டிக் காட்டினார். "எங்க மாமியா போய்ச் சேந்துட்டாங்க அண்ணே, வீசறதுக்கு ஆளில்ல" என்றாள் புஷ்பராணி. அவர் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க வருகிறது. மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே ரப்பர் வளையம், சின்னக் குழந்தை வாயில் வைத்தால் தொண்டையில் சிக்கும். ஜீப் ஓட்டும் பெள்ளிராஜுக்கு இரண்டு வயதில் பேத்தி இருக்கிறது. மூடிவிட்டேன். பிரஷர் குக்கர், கேட்கவே வேண்டாம். பிளாஸ்க்கில் உள்ளே கண்ணாடி. கத்தி செட்டை மயில்சாமி எடுக்கும்போதே தலையாட்டிவிட்டேன். கம்பளி என்றால் அடுப்படியில் போர்த்திக்கொண்டு குனிவார்கள். இந்த உலகத்தில் ஆளைக் கொல்லாத பொருள் ஒன்று வேண்டும், பத்து வேண்டும், ஐந்நூறு ரூபாய்க்குள் வேண்டும், இப்படி மயில்சாமியிடம் கேட்க முடியாது. ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி விலை பார்க்கிறேன். எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கிறது. விரல் நகம் தன்னால் அந்தச் சீட்டின் ஓரத்துக்குப் போகிறது, கிளப்பப் பார்க்கிறது. இந்த நகத்தை வெட்டிப் போடலாம்.

விலைச்சீட்டைக் கிழிப்பது என் வழக்கம். கம்பெனி தொடங்கிய முதல் வருடம் இரண்டு விதமான பிளாஸ்க் கொடுத்தேன், ஒரே விதமாகப் போதுமான அளவு கிடைக்கவில்லை. பொட்டலம் போடும் செல்வநாயகியினுடையதில் இருநூற்று நாற்பது, இன்னொருத்தியினுடையதில் முந்நூற்றுப் பத்து. பொங்கல் வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, நடுவில் உட்கார்ந்தவள் லேபிளை வாங்கி வாங்கிக் கொடுத்தாள். அன்று முடிவு செய்தேன், என் கையிலிருந்து போகிற பரிசில் விலை இருக்காது. சீட்டைக் கிழிப்பேன், அச்சடித்த விலை என்றால் பெட்டியையே எடுத்துவிடுவேன், மினுக்குத் தாளில் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி ஒரு சைப்ரஸ் கொத்து செருகுவேன். இதில் எனக்கு ஒரு பெருமைகூட. போன வருடம் டிசம்பர் இருபதாம் தேதி, சாப்பாட்டு மேசையில் பதினோரு ஹீட்டர் ராடு. தண்ணீரில் போட்டால் தண்ணீர் சுடும், வளையம் வளையமாக இரும்புக் கம்பி, கறுப்புக் கைப்பிடி, வயர். குளிர் ஊருக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா. விலை பெட்டியில் அச்சாகியிருந்தது, பெட்டியைக் கழற்றினேன். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள், அதன் பின்பக்கத்திலும் விலை அச்சாகியிருந்தது. அமலதாஸ் டேப் வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளைப் பிரித்தேன். இங்கிலீஷும் இந்தியும். ஆனால் படங்களுக்கு என்ன பாஷை. ஒரு உலோக வாளி, அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. இன்னொரு படத்தில் வாளித் தண்ணீருக்குள் நீட்டிய ஒரு விரல், விரலிலிருந்து மின்னல், அதன் மேலும் பெருக்கல் குறி. கீழே, ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடவும். படித்தேன். முழுக்கப் படித்தேன். கொடுக்கும்போது வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தாளையும் பெட்டிகளையும் மறுநாள் பின்பக்கக் குழியில் போட்டு எரித்தார்கள். கொடுத்த அன்றைக்குக் கேக் வெட்டினோம், பிள்ளைகள் ஆடினார்கள், பெள்ளிராஜ் தொப்பி போட்டுக்கொண்டு தாத்தா வேஷம் கட்டினார், தாடி அறுந்து டீயில் விழுந்தது, எல்லோரும் சிரித்தோம். சொல்லவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம். மறந்தேன்.

அந்த விரல். அதுதான் என்னை விடவில்லை. தேயிலை ருசி பார்க்கிறவர்கள் தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து ஊற்றுவார்கள், மேசையில் வெப்பமானி வைத்திருப்பார்கள். யோகராசா அதைத் தொடவே மாட்டார். கெட்டிலுக்குள் வலது கைச் சுண்டுவிரலை நறுக்கென்று முக்கி எடுப்பார், கண்ணை மூடுவார், அப்புறம் கோப்பையில் ஊற்றுவார். "மீட்டர் பொய் சொல்லும் மேடம். வெரல் பொய் சொல்லாது." வெளியூர் ஆட்கள் வந்தால் நானே பெருமையாகக் காட்டுவேன், எங்கள் யோகராசாவின் விரலைப் பாருங்கள் என்று. அந்தச் சுண்டுவிரல் நுனி மட்டும் தேயிலைக் கறை ஏறாமல் வெளுத்து, சுருங்கி இருக்கும். பதினான்கு வருடம் பார்த்தேன். தாளில் இருந்த படத்தையும் பார்த்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி அலுமினிய அண்டாவில் ராடைப் போட்டு, தண்ணீர் பாட ஆரம்பித்ததும், அதுதான் அவர் சொல்லும் வார்த்தை, தண்ணி பாடுது மேடம் என்பார், சுண்டுவிரலை முக்கியிருக்கிறார். இப்போது மயில்சாமி கடையில் எவனோ பின்னால் எவர்சில்வர் தட்டுகளை அடுக்குகிறான், அடுக்கி முடித்த பிறகும் உலோகம் மெல்லமாக ரீங்கரிக்கிறது, நான் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொள்கிறேன். பதினோரு மாதமாக நான் வெந்நீரில் விரல் வைத்ததில்லை. வீட்டில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். வேண்டுதலா என்று பங்குச்சாமியார் கேட்டார். கலக்கும் மேசையில் தனியாக உட்கார்ந்து தேயிலையை உறிஞ்சும்போது எனக்கு அடுத்த நாற்காலியில் இன்னொரு உறிஞ்சல் கேட்கிறது, என்னுடையதைவிடச் சத்தமாக, முறையாக. நான் நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஒரு முறை நான் உறிஞ்சாமலே கேட்டது.

அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் அமலதாஸிடம், மற்றவர்களிடமிருந்து அதைத் திருப்பி வாங்கிவிடலாமா என்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கேட்டா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. சவப்பெட்டிக்கு அவர்தான் அலைந்தார். போலீஸ் ஸ்டேஷனில், குளிக்கும்போது கரண்ட் ஷாக் என்று எழுதினார்கள், அந்த ராடைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தார்கள், நம் பரிசு என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். இருட்டில் படுத்தபடி மலைச்சரிவில் வீடு வீடாகப் போவேன். செல்வநாயகி வீட்டில் இப்போது ஸ்விட்ச் போடுவாள். பெள்ளிராஜ் வீட்டில் பேத்தி எழுந்திருக்கும். புஷ்பராணி வீட்டிலேயே இன்னொன்று இருக்கிறது, புருஷனுக்கு ஒன்று பெண்டாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று நான் வைக்கவில்லையே, ஆளுக்கு ஒன்று. போனது ஒன்று போக மிச்சம் பத்து ராடு பத்து வாளியில் பாடிக்கொண்டிருக்கும். ஆறு மணிக்கு போன் அடித்தால் இரண்டாவது ரிங் வரை என்னால் எழ முடியாது. ஒரு தடவை அது பால்காரர். நாளைக்குப் பால் இல்லை என்றார், நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன், பாவம், அவர் பயந்து வைத்துவிட்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். கோடை வந்தது, வெந்நீர் குறைவாகப் போடுவார்கள் என்று இருந்துவிட்டேன். மழை வந்தது. இப்போது மறுபடி டிசம்பர்.

அவர்களுக்கும் தெரியும். தெரியாமலா. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது, பொட்டலம் ஒட்டும் மெஷின் சத்தம் மட்டும் டப் டப் என்று கேட்கும். பிப்ரவரியில் செல்வநாயகி என்னைத் தனியாக மறித்து, "நீங்க செஞ்சது நல்ல காரியம் மேடம். எல்லாரும் சொல்றோம்" என்றாள். என்ன செய்தேன், சவப்பெட்டி வாங்கியதா. அவள் குரலில் ஊசி இருந்ததா என்று இரண்டு வாரம் யோசித்தேன். மார்ச்சில் பெள்ளிராஜ் ஜீப்பைத் திருப்பிக்கொண்டே, "அப்போ இந்த கிறிஸ்துமசுக்குத்தானே மேடம்?" என்று சிரித்தார். நான் கேட்காத மாதிரி இறங்கிவிட்டேன். எது இந்தக் கிறிஸ்துமசுக்கு? அடுத்த சாவா? பிறகு அந்தப் புகை வாசனை. பொம்பளைகள் எல்லோர் மேலும் காலையில் விறகுப் புகை. தேயிலை எந்த வாசனையையும் குடித்துவிடும், சோப்பு வாசனையைக்கூடக் குடித்துவிடும், அதனால் கண்டித்தேன். "குளிருக்குத் தீ மூட்டி உக்காந்துட்டு அப்படியே வந்து தேயிலையில கை வைக்கறதா?" புஷ்பராணி மட்டும், "நாளையிலேருந்து வேற சீலை மாத்திட்டு வாறோம் மேடம்" என்றாள். அவள் கண்ணைப் பார்த்து நான் பேசி எவ்வளவு நாளாகிறது. இப்போதும் அவள் தோளைத்தான் பார்க்கிறேன். சால்வையில் ஒரு சைப்ரஸ் இலை ஒட்டியிருக்கிறது.

"ஏனுங் மேடம், இவ்வளவு யோசனை?" மயில்சாமி பொறுமை இழந்துவிட்டார், ஆனால் வியாபாரிக்குரிய இனிப்பு போகவில்லை. ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். பெட்டியின் நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் அதை என் பக்கம் நீட்டிவிட்டார். "போன வருசம் எடுத்துட்டுப் போனீங்களே, ஹீட்டர் ராடு. மறந்துட்டீங்களா? அதே சரக்குத்தான், அதே வெல, உங்களுக்காக ஏத்தலீங்க. ஒண்ணும் கம்ப்ளெய்ண்ட் இல்லீல்லங்க?" புஷ்பராணி குடையைக் கல்லா மேசையில் சாய்த்தாள். நான் அவள் தோளிலிருந்த இலையைப் பார்த்தேன். "ஒண்ணுங் கம்ப்ளெய்ண்ட் இல்லண்ணே" என்றாள். "அதானுங்க. அந்த ஸ்கீமு கூட இன்னும் இருக்குதுங்க. பதினொண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ. போன வருசமும் மேடத்துக்கு அப்படித்தான் பன்னெண்டாப் போட்டுக் குடுத்தேன்." புஷ்பராணி மெதுவாகத் திரும்பினாள். "பன்னெண்டா?" என்றாள். மயில்சாமியை அல்ல. என்னை.

கடையின் பின்பக்கம் விளக்குமாறுகள் தொங்குகிற இடத்துக்கு அவள் நடந்தாள், நான் பின்னால் போனேன். நான் கூப்பிட்டதும் அவள் பின்னால் வருவதுதான் எங்கள் வழக்கம். "மேடம், எங்கிட்ட பதினொண்ணு இருக்கு" என்றாள். எனக்குப் புரியவில்லை. பதினோரு என்ன? "அந்த ராடுதான். எங்க வீட்டு ரெண்டு, மத்தவங்களோடது ஒம்பது. எல்லாத்தோட வயரையும் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால அறுத்துட்டேன். சாக்குல கட்டிக் கட்டிலுக்கு அடியில கெடக்கு." எப்போது என்று கேட்டேன். கேட்டேனா, உதடு அசைந்ததா, தெரியவில்லை. "பதினாறு நாள் பாத்தேன். நீங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போயி வாங்கிருவீங்கன்னு பாத்தேன். காரியம் முடிஞ்ச மறுநாளு நானே போனேன்." கொடுத்தார்களா? "நான் கேட்டா குடுப்பாங்களா மேடம்? புருசன் போன புத்தி, எதையோ ஒளர்றான்னு சொல்லுவாங்க. செல்வநாயகியக்கா புதுசு புதுசுன்னு பீரோவுல வெச்சிருந்தா. அதனால மேடம் திருப்பிக் கேட்டாங்கன்னு சொன்னேன். சரக்கு சரியில்லயாம், யாருக்கும் இன்னொரு தரம் அப்படி ஆயிரக்கூடாதாம், வர்ற கிறிஸ்துமசுக்கு வேற நல்லதாக் குடுப்பாங்களாம்னு. ஒடனே குடுத்துட்டாங்க. ஒங்கள அவ்வளவு பெருமையாப் பேசுனாங்க." நல்ல காரியம் மேடம். இந்தக் கிறிஸ்துமசுக்குத்தானே மேடம். விறகுப் புகை. அது வெந்நீர் போட்ட அடுப்பின் புகை. பதினோரு மாதம் நான் விடியற்காலையில் வீடு வீடாகப் போன மலைச்சரிவில் ஒரு வாளியிலும் ஒன்றும் இல்லை. இவள் தலையில் சாக்கோடு எனக்கு முன்னாலேயே அத்தனை வீட்டுக்கும் போய்வந்திருக்கிறாள். என் பெயரைச் சொல்லி. "அத வுடுங்க மேடம்" என்றாள். "பன்னெண்டாவது யாருகிட்ட இருக்கு?"

பன்னிரண்டாவது. மேசையில் பதினொன்று சுற்றினேன். இலவசம் என்று மயில்சாமி தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தது, ஜீப்பின் பின் சீட்டில் கிடந்தது. எங்கள் வீட்டில் இல்லை. கோவில் குலுக்கலுக்குக் கொடுத்தேனா, இல்லை, அதற்கு டீ செட் கொடுத்தேன். சபாபதிக்கு டைரி. தங்கச்சிக்கு? அவள் சென்னை, வெந்நீருக்கு அவசியமில்லை. புஷ்பராணி காத்திருக்கிறாள். எடை மேசையில் முள் நிற்கும்வரை காத்திருப்பாளே, அப்படி. ஜீப்பின் பின் சீட்டு, கேக் டப்பாக்கள், மேலே அந்தப் பை. மழை. எங்கேயோ இறங்கினேன், அட்டை வாசனை, பசை வாசனை. வெளியே மார்க்கெட் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது, யாரோ தொண்டையைச் செருமினார்கள், அசர் பாங்கு, சாயங்காலத்துக்கு முந்தின தொழுகைக்கான அழைப்பு, தொடங்கியது. அத்தா. ஹபீபுல்லாவின் அத்தா ஷெட்டுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர் பட்டதும் அவர் தோள் நடுங்கியது, முழங்கை வரை நீலம். இவ்வளவு குளிரிலா என்று கேட்டேன். அஞ்சு வேளையும் கழுவணுமே அம்மா என்றார். நான் ஜீப்புக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். மஃப்ளர் இல்லை. மினுக்குத் தாள்கூட இல்லை. பெட்டியைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, கையில் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன், ஏனென்றால் பெட்டியில் விலை இருந்தது. ஐந்து வேளை. தினமும் ஐந்து முறை கையை விடுகிறார். அத்தா உங்களுக்காக தினமும் துஆ செய்யறார் மேடம்.

"அரவங்காடு. பெட்டிக்காரர்" என்றேன். புஷ்பராணி என் தோளில் தொங்கிய பையைத் திறந்து போனை எடுத்து என் கையில் வைத்தாள். என் விரல் திரையில் வழுக்கியது, சபாபதிக்குப் போனது, வெட்டினேன், மறுபடி. பாங்கு இன்னும் முடியவில்லை. நான்காவது ரிங்கில் எடுத்தார். "மேடம், சொல்லுங்க. பெட்டி வியாழக்கிழமை ஏத்தி விட்டுர்றேன், பசைதான் இந்த மழையில காய மாட்டேங்குது." பாய், அத்தா எங்கே என்றேன். "இங்கதான் இருக்கார். அசருக்குத் தண்ணி போட்டிருக்கார், நீங்க குடுத்த ராடுதான்..." பாய், ஓடிப்போய் ஸ்விட்சை அணையுங்கள், அவரைத் தண்ணீரைத் தொடவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், அப்புறம் பேசுங்கள். என் குரல் கடை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், மயில்சாமி பெட்டியைக் கையில் வைத்தபடியே எட்டிப் பார்த்தார். போனில் செருப்புச் சத்தம், எதுவோ சரிந்தது, அட்டைகள். அத்தா, அத்தா, கைய எடுங்க. அப்புறம் ஒன்றுமில்லை. தண்ணீரின் பாட்டு மட்டும் மெல்லியதாகக் கேட்டது, அது போனில் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. புஷ்பராணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கு வலது கண்ணின் கீழே ஒரு சிறு மச்சம் இருக்கிறது. பாட்டு நின்றது. ஒரு கிழவரின் இருமல் கேட்டது, என்னடா என்று அதட்டல் கேட்டது.

"அணைச்சிட்டேன் மேடம்" என்றார் ஹபீபுல்லா, மூச்சிரைத்தது. "பிளக்கையும் புடுங்கிட்டேன். அத்தா இன்னும் கைய வைக்கல. ஏன் மேடம்? என்ன ஆச்சு?" பதினோரு மாதமாக என்னை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. புஷ்பராணி நகரவில்லை.

"பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு பாய்" என்றேன். "நான் அதைப் படிச்சேன்."